குப்பை எண்டு கொளுத்த முதல்

'கழிவு' என்ற சொல்லை எங்கட ஆட்கள் மிக எளிதாகப் பாவிக்கிறார்கள். பனங்காணிக்குள் விழுந்து கிடக்கிற காவோலை கழிவு. கங்குமட்டை கழிவு. பன்னாடையும் ஊமலும் கழிவு. தேங்காய் உரித்தபின் வேலியோரம் குவிகிற பொச்சுமட்டை கழிவு. தும்பு ஆலைக்குப் பின்னால் மலைபோல எழும்பி நிற்கிற தும்புத்தூள் கழிவு. பிறகு ஒரு நெருப்புக்குச்சி. பின்னேரத்தில் யாழ்ப்பாணத்தின் எந்த ஒழுங்கைக்குள் திரும்பினாலும் அந்தப் புகை மணக்கும்.

அந்த மணத்துக்கு ஒரு இரசாயனம் இருக்கிறது. விறகுப்புகை எண்டு எங்கட மூக்குக்குப் பழகிப்போன வாசனையைப் பெருமளவில் தருபவை குவாயகோல், சிரிங்கோல் என்கிற இரண்டு வகைச் சேர்வைகள். இவை இலிக்னின் என்ற பொருள் சூட்டில் உடையும்போது பிறக்கின்றன. வேறு நாடுகளில் இதே இலிக்னினை உடைத்து வாசனைப் பொருளும் பசையும் கொங்கிறீட்டுக்கான கலவையும் செய்கிறார்கள். நாங்கள் அதைப் புகையாக்கி, இருமி, கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுக்குள் போகிறோம்.

இதைச் சொன்ன உடனே 'அப்ப ஒரு தொழிற்சாலை போட்டால் சரிதானே' எண்டு ஒருவர் எழும்புவார். அவ்வளவு சுலபமில்லை. சுலபமில்லை என்பதற்காகச் சும்மா கொளுத்திக்கொண்டிருக்கவும் ஏலாது. இந்த இரண்டுக்கும் இடையில் என்ன செய்யலாம் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் கதைக்க விரும்புகிறோம்.

பாடப்புத்தகத்தில் ஒரு வரி

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு இலிக்னின் பழக்கமான சொல். காழ்க் கலன்களின் சுவரில் இலிக்னின் படிந்திருக்கும் என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். அதோடு கதை முடிந்துவிடும். எங்கட முற்றத்துப் பனை நூறு அடி உயரத்தில் புயலுக்கு அசைந்துகொண்டு நிற்பதற்கும் அந்த ஒரு வரிக்கும் உள்ள தொடர்பை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒரு தூண் கட்டுவதை நினைத்துப் பாருங்கள். உள்ளே கம்பி, சுற்றிவர கொங்கிறீட். தாவரக் கலத்தின் சுவரில் செலுலோசுதான் கம்பி. இழுத்தால் தாங்கும், ஆனால் தனியே நிமிர்ந்து நிற்காது. அதன் இடைவெளிகளை நிரப்பி இறுக்குகிற கொங்கிறீட்தான் இலிக்னின். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தரைத் தாவரங்கள் நிமிர்ந்து வளரத் தொடங்கியதற்கும், வேரிலிருந்து உச்சிக்கு நீரைக் கொண்டுபோகிற குழாய்கள் உடைந்துவிடாமல் இருப்பதற்கும் இதுதான் அடிப்படை. பூமியில் தாவரங்கள் செய்கிற பல்பகுதியங்களில் செலுலோசுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பதும் இதுதான். 'மரம்' என்று பொருள்படுகிற இலத்தீன் சொல்லிலிருந்து 1813 இல் சுவிற்சர்லாந்துத் தாவரவியலாளர் டி கண்டோல் இதற்குப் பெயர் வைத்தார்.

செலுலோசு ஒழுங்கான ஆள். குளுக்கோசு மணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாலை அது. இலிக்னின் அப்படியில்லை. மூன்று வகையான அற்ககோல் மூலக்கூறுகள் கலச்சுவருக்குள் ஒன்றோடொன்று பல விதமாக ஒட்டிக்கொண்டு உண்டாகிற குழம்பிய வலை. எந்த மரம், எந்தப் பாகம், எவ்வளவு வயது என்பதைப் பொறுத்து இந்த மூன்றின் கலவை மாறும். பைன் மாதிரியான மரங்களில் ஒரு வகைதான் பெருமளவு. தேக்கு, வேம்பு மாதிரியான மரங்களில் இரண்டு வகை. ஒழுங்கில்லாத இந்த வலையை நுண்ணுயிர்கள் இலகுவில் அறுக்க ஏலாது. மரம் உக்க நாளெடுப்பது இதனால்தான்.

பனைக்குடும்பத்தில் கதை இன்னும் சுவாரசியம். பனை, தென்னை, கித்துள், கமுகு எல்லாம் ஒருவித்திலைகள். மாமரத்தைப் போல ஆண்டுக்கு ஆண்டு பருத்து வளர வைக்கிற மாறிழையம் இவற்றுக்கு இல்லை. ஆகவே வளையமும் இல்லை. அப்படியெண்டால் உயரம் கூடக் கூட எப்படித் தாங்குகிறது? தண்டின் கலங்கள் பல பத்தாண்டுகளுக்கு உயிரோடு இருந்து தங்கள் சுவர்களைத் தடிப்பாக்கிக்கொண்டே போகின்றன. இலிக்னின் ஏறிக்கொண்டே இருக்கிறது. அதுவும் தண்டின் வெளிப்புறத்தில் கலன்கட்டுகள் நெருக்கமாக இருப்பதால் அங்கேதான் கூடுதலாக இறுகும். எங்கட தச்சுவேலைக்காரர் 'வைரம்' எண்டு சொல்வது இதைத்தான். முற்றிய பனையின் அடிப்பக்கத்து வெளித்தோட்டில் எடுத்த சிலாகை, நடுப்பகுதியில் எடுத்ததைவிட ஏன் தலைமுறைக்கு நிற்கும் என்பது அவர்களுக்கு எப்போதோ தெரியும். இரசாயனம் அதற்குப் பின்னால் வந்து பெயர் மட்டும் வைத்தது.

பனையிலிருந்து பனடோல்?

பழைய பத்திரிகைத் தாள் வெயிலில் மஞ்சளாகிறதே, அதற்கும் இலிக்னின்தான் காரணம். நல்ல வெள்ளைத்தாள் செய்ய வேண்டுமென்றால் மரக்கூழிலிருந்து அதை நீக்க வேண்டும். இப்படி உலகத்துக் காகித ஆலைகளில் ஆண்டுக்கு 5 கோடி தொன் அளவில் இலிக்னின் பிரிந்து வருகிறது. அதில் ஏறத்தாழ 2 வீதம்தான் வேறு பயனுக்குப் போகிறது. மிகுதி ஆலையின் கொதிகலனிலேயே எரிகிறது. அதாவது கொளுத்துவது எங்கட ஆட்களின் பழக்கம் மட்டுமில்லை. வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் கொளுத்தி ஆலைக்கு நீராவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள்.

அந்த 2 வீதத்துக்குள் நடப்பவை கவனிக்க வேண்டியவை. ஐஸ்கிறீமில் போடுகிற வனிலின் பெரும்பாலும் வனிலாக் காயிலிருந்து வருவதில்லை. பெற்றோலிய மூலப்பொருளிலிருந்து வருகிறது. ஆனால் நோர்வேயில் ஒரு நிறுவனம் 1962 தொடக்கம் ஸ்புரூஸ் மரத்தின் இலிக்னினை உடைத்து வனிலின் எடுக்கிறது. இன்னொரு வகை இலிக்னின், கொங்கிறீட் கலவையில் தண்ணீரைக் குறைத்தும் இளக்கமாக வைத்திருக்கப் பயன்படுகிறது. பிளைவூட் ஒட்டுகிற பசையில் பெற்றோலியப் பீனோலின் ஒரு பங்கை இலிக்னின் ஈடுசெய்கிறது.

இனிப் பனைக்கு வருவோம். பனைக்குடும்பத்து இலிக்னினுக்கு ஒரு தனி அடையாளம் இருக்கிறது. அதன் ஓரங்களில் பரா-ஐதரொட்சிபென்சோயிக் அமிலம் என்ற சிறு மூலக்கூறு பூங்கொத்து மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும். வில்லோ, பொப்லார் மரங்களிலும் இது உண்டு. பெரும்பாலான மற்றத் தாவரங்களில் இல்லை. இலிக்னினின் வலையை உடைப்பது கடினம், ஆனால் இந்தக் கொத்து காரத்தோடு சூடாக்கினாலே கழன்று வந்துவிடும். கிறீம், ஷாம்பு வகைகள் பழுதாகாமல் இருக்கப் போடுகிற பரபென்கள் இந்த அமிலத்திலிருந்து செய்யப்படுபவைதான். இன்று அதையும் பெற்றோலியத்திலிருந்தே எடுக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஜோன் ரால்ஃபும் அவரது குழுவினரும் ஒரு படி மேலே போய், பொப்லார் மரத்திலுள்ள இதே பகுதியிலிருந்து பரசிற்றமோல் தயாரிக்கிற வழியைக் கண்டு காப்புரிமையும் பெற்றிருக்கிறார்கள். பரசிற்றமோல் எண்டால் விளங்காதவர்களுக்கு, பனடோல்.

2022 இல் மருந்துக்கும் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற நாட்டுக்கு இந்தச் செய்தி எப்படிக் கேட்கும் எண்டு எங்களுக்குத் தெரியும். 'பனையிலிருந்து பனடோல், தமிழர் தொழில்நுட்பம்' என்ற தலைப்போடு நாளைக்கே ஒரு காணொளி வரும். பத்தாயிரம் பேர் பகிர்வார்கள். ஒருவரும் ஒரு மட்டையைக்கூடக் கொளுத்தாமல் விடமாட்டார்கள்.

ஆய்வுகூடத்தில் ஒரு பொருள் கிடைப்பதும், அது சந்தையில் பெற்றோலியத்தோடு விலையில் போட்டி போடுவதும் வெவ்வேறு விசயங்கள். இந்தத் துறைக்காரர்களிடையே ஒரு பழைய பகிடி உண்டு: இலிக்னினிலிருந்து எதையும் செய்யலாம், காசைத் தவிர. தூய்மையாக்கச் செலவு. ஒரே தரத்தில் தொடர்ந்து கிடைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான தொன் வேண்டும். பனை மட்டையோ காணி காணியாகச் சிதறிக் கிடக்கிறது. ஆகவே பனடோலை எங்கட முதல் இலக்காக நாங்கள் முன்வைக்கவில்லை. அதற்கு முந்திய படிகள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றை இந்த நாடு ஏற்கனவே ஏறிப் பார்த்திருக்கிறது.

தும்புத்தூள் சொல்கிற பாடம்

பருத்தியில் இலிக்னின் இல்லை எண்டே சொல்லலாம். சணலில் ஏறத்தாழ 12 வீதம். தென்னந்தும்பில் 40 வீதத்துக்கு மேல். தாவர நார்களில் இவ்வளவு இலிக்னின் உள்ளவை மிகக் குறைவு. கப்பல் கயிறு உப்புத் தண்ணீரில் கிடந்தும் உக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம். தெற்குக் கரையோரத்தில் பொச்சுமட்டையை மாதக்கணக்கில் உவர்நீரில் ஊறப்போடுவார்கள். பற்றீரியாக்கள் நாரை ஒட்டிவைத்திருக்கிற பெற்றினைத் தின்னும். இலிக்னினைத் தொட ஏலாது. மட்டை அழுகும், தும்பு மிஞ்சும். இயற்கையின் இந்தப் பலவீனத்தின்மேல் ஒரு கைத்தொழிலே எழும்பி நின்றது.

ஆனால் மட்டையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தும்பு. மிச்சம் தும்புத்தூள். உக்காது, எரியவும் ஒழுங்காக எரியாது. ஆலைகளுக்குப் பின்னால் பல தலைமுறையாகக் குவிந்தது. மழைக்கு அதிலிருந்து கபிலநிறச் சாறு வடிந்து கிணறுகளைப் பழுதாக்கியது. பிறகு ஐரோப்பாவின் பூங்கன்றுச் செய்கையாளர்கள் சதுப்புநிலப் பீற் மண்ணுக்கு மாற்றுத் தேடினார்கள். தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணீரைப் பிடிக்கிற, உக்காமல் ஆண்டுக்கணக்கில் நிற்கிற ஒரு பொருள் அவர்களுக்கு வேண்டியிருந்தது. உக்காமை என்கிற அதே குணம் ஒரு இடத்தில் தொல்லை, இன்னொரு இடத்தில் பெறுமதி. இன்று உலகத்துக்குத் தும்புத்தூள் கட்டிகள் அனுப்புகிற முக்கிய நாடுகளில் இலங்கை ஒன்று.

சிரட்டையின் கதையும் அதேதான். இலிக்னின் கூடிய சிரட்டை கரியானால் இறுக்கமான, நுண்துளைகள் நிறைந்த கரி கிடைக்கும். அதை நீராவியில் மேலும் சூடாக்கினால் உயிர்ப்பூட்டிய காபன். நீரை வடிகட்டவும், சுரங்கங்களில் தங்கத்தைப் பிரித்தெடுக்கவும், நச்சுவாயு முகமூடிகளுக்கும் உலகமெங்கும் போகிறது. 1973 இல் தொடங்கிய ஹேகார்ப் என்கிற இலங்கை நிறுவனம் இந்தத் துறையில் உலகின் பெரிய உற்பத்தியாளர்களில் ஒன்று. ஆக, 'எங்களால ஏலாது' என்ற கதை இங்கே எடுபடாது. செய்து காட்டியாகிவிட்டது.

இந்தக் கதையின் மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். தும்புத்தூளைக் கழுவி உப்பு நீக்கி, காயவைத்து, அமுக்கிக் கட்டியாக்கி அனுப்புவது நாங்கள். தூசிக்குள் நின்று அதைச் செய்கிறவர்களில் பெருந்தொகையானோர் நாட்கூலிக்கு வருகிற பெண்கள். அந்தக் கட்டியில் உரம் கலந்து, பையில் அடைத்து, பெயர் அச்சிட்டு விற்கிற இடம் வேறு. தேயிலைக்கு நடந்ததைத் தும்புத்தூளுக்கும் நடக்கவிட்டோம். கழிவுக்கு விலை வந்தது நல்ல விசயம். அந்த விலை யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

பனைக்கு ஏன் நடக்கேல்லை?

தென்னைக்கு நடந்தது பனைக்கு நடக்கவில்லை. இதற்குப் போர் ஒரு காரணம். இலட்சக்கணக்கான பனைகள் செல்லடியிலும், பங்கர்களுக்கும் காவலரண்களுக்கும் தறித்ததிலும் போய்விட்டன. ஆனால் எல்லாவற்றையும் போரின் தலையில் போட்டுவிட்டுத் தப்பவும் ஏலாது.

பனை அபிவிருத்திச் சபை 1978 தொடக்கம் இருக்கிறது. கைதடியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பெண்பனையை அனுமதியில்லாமல் தறிக்க ஏலாது எண்டு 1951 ஆம் ஆண்டின் மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்கிறது. நிற்கிற பனைக்குச் சட்டம் உண்டு. விழுகிற ஓலைக்கு ஒன்றும் இல்லை. பனங்கட்டி, ஒடியல், சாராயம், பனங்களி, பெட்டி, பாய் என்று பேசுவோம். நல்லது. ஆனால் மரத்திலிருந்து வருடம் முழுக்க விழுகிற மட்டையும், பூரான் எடுத்தபின் வீசுகிற ஊமலும் எந்தத் திட்டத்திலும் பெரிதாக இடம்பிடிப்பதில்லை.

இன்னொரு காரணத்தை எங்கட சமூகம் வெளியில் சொல்ல விரும்புவதில்லை. மேடையில் பனை கற்பகதரு. 801 பயன் எண்டு மனப்பாடமாகச் சொல்வோம். அந்த மரத்தில் ஏறுகிறவரின் பெயர் மட்டும் வசைச்சொல். பனையோடு சேர்ந்த உழைப்பை ஒரு சாதியின் தலையில் சுமத்தி, அந்த உழைப்பைக் கீழானதாக்கி, பிறகு 'இளம் பெடியள் ஒருத்தரும் இந்தத் தொழிலுக்கு வாறேல்ல' எண்டு கவலைப்படுகிறோம். ஏன் வருவார்கள்? தந்தை பட்ட அவமானத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு தொழிலுக்குப் போவது நியாயம். கழிவோடு சேர்ந்த வேலையும் இதே மாதிரித்தான். குப்பை அள்ளுகிறவர் யார், எந்தக் குடியிருப்பில் இருந்து வருகிறார் எண்டு எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. இந்த இரண்டையும் தொடாமல் 'பெறுமதி சேர்த்தல்' பற்றிப் பேசுகிற எந்தத் திட்டமும் பழைய கட்டமைப்புக்குப் புதுப் பெயின்ற் அடிப்பதாகத்தான் முடியும்.

எல்லாத்தையும் அள்ள வேண்டாம்

கழிவு எல்லாவற்றையும் ஆலைக்குக் கொண்டுபோ எண்டு சொல்பவர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. இலிக்னினுக்கு மண்ணில் ஒரு வேலை இருக்கிறது. அது மெதுவாக உக்குவதால்தான் மண்ணில் சேதனப்பொருள் நின்றுபிடிக்கிறது, தண்ணீர் தங்குகிறது. சுண்ணக்கல்லின்மேல் இருக்கிற எங்கட செம்மண்ணில் பசளை தங்காமல் கீழே இறங்கிக் கிணற்று நீரில் நைத்திரேற்றாகச் சேருகிறது. அப்படியான மண்ணுக்குச் சேர வேண்டிய காபனைத்தான் ஒழுங்கையில் கொளுத்துகிறோம்.

எங்கட பாட்டன் பாட்டிமார் ஓலையை எப்படிப் பாவித்தார்கள் எண்டு யோசித்துப் பாருங்கள். முதலில் கூரை. கூரையில் பழசானால் பிரித்து வேலி. வேலியில் உக்கத் தொடங்கினால் தோட்டத்தில் தாட்டுப் பசளை. ஒரே ஓலை மூன்று தரம் வேலை செய்து கடைசியில் மண்ணுக்குப் போனது. இன்று ஐரோப்பாவில் உயிர்ப்பொருளைப் படிப்படியாகப் பாவித்தல் எண்டு கொள்கை ஆவணங்களில் எழுதுவது இதே ஒழுங்கைத்தான். நாங்கள் தகரமும் மதிலும் கட்டியது பிழை எண்டு சொல்லவரவில்லை. ஓலைக் கூரைக்குள் மழையில் நனைந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் முதல் இரண்டு படியும் போனதோடு மூன்றாவது படியையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டோம்.

அதன் விலையை 2021 இல் கண்டோம். மே மாதத்தில் ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டது. நவம்பரில் தடையை விலக்க வேண்டி வந்தது. இடையில் அழிந்தது விவசாயியின் போகம். சேதனப் பசளை என்பது கட்டளையிட்டு வருவதில்லை. இலிக்னின் கூடிய பொருள் உக்குவதற்குக் காலம் வேண்டும், நைதரசன் வேண்டும், சரியான பூஞ்சை வேண்டும். பத்து வருடமாக ஊர் ஊராகக் கூட்டெரு செய்து பழகியிருந்தால் அந்த வருடம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அந்தப் பூஞ்சை தேடியலைய வேண்டிய ஒன்றுமில்லை. சிப்பிக் காளான்தான். இலிக்னினை உடைக்கத் தெரிந்த மிகச் சில உயிர்களில் வெண்ணழுகல் பூஞ்சைகள் முக்கியமானவை. சிப்பிக் காளான் அந்த இனம். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு முறையைப் பல காலமாகச் சொல்லிக்கொடுக்கிறது: ஒரு தொன் தும்புத்தூளுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் ஒரு மாதம் வைத்திருந்தால், காபன் நைதரசன் விகிதம் 112:1 இலிருந்து 24:1 வரை இறங்குகிறது. இதற்கு ஆலை வேண்டாம். நிழலும் தண்ணீரும் ஒழுங்கும் போதும்.

நாங்கள் கேட்பது

முதலாவது, கொளுத்துவதை நிறுத்தும் வழி. சனத்தைத் திட்டிப் பயனில்லை. காவோலைக்குள் பாம்பு வரும், பாளைக்குள் தண்ணீர் தங்கி நுளம்பு பெருகும் என்ற பயம் உண்மையான பயம். டெங்கு காலத்தில் முற்றத்தைத் துப்புரவாக வை எண்டு சொல்வதும் அதே சபைகள்தான். ஒவ்வொரு பிரதேச சபையும் மட்டை அரைக்கிற இயந்திரம் ஒன்றை உழவு இயந்திரத்தில் பூட்டி, வட்டாரம் வட்டாரமாகக் கொண்டுவரட்டும். அரைத்த பொருள் பாதி இடத்தைக்கூடப் பிடிக்காது. பாம்புக்கும் வீடாகாது.

இரண்டாவது, சூடு தவிர வேறு பசை தேவைப்படாத பலகை. நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் இருபது வருடத்துக்கு முன்பே இதைக் காட்டினார்கள்: பொச்சுமட்டையைத் தும்பும் தூளுமாக முழுதாக அரைத்து, 150 பாகையைத் தாண்டும் சூட்டில் அழுத்தினால், அதிலுள்ள இலிக்னின் இளகித் தானே பசையாகி இறுகும். போமல்டிகைட்டு மணக்கிற இறக்குமதிப் பலகைக்கு இது மாற்று. ஊரளவில் தொடங்கக்கூடிய தொழில். அறிவியல் நகரில் உள்ளவர்கள் பனை மட்டையிலும் கங்குமட்டையிலும் இதைச் செய்து பார்த்து, முடிவைத் தமிழில், தச்சுப் பட்டறைக்காரருக்கு விளங்குகிற மொழியில் வெளியிட வேண்டும். நல்ல முடிவோ கெட்ட முடிவோ, வெளியில் வரட்டும்.

மூன்றாவது, ஊமல். இறுகிய கோது, நல்ல கரி. திறந்த குழியில் எரித்துக் கிராமம் முழுக்கப் புகை போடாமல், மூடிய உலையில் புகையையே திருப்பி எரிக்கிற முறைகள் இருக்கின்றன. வந்த கரியில் ஒரு பங்கு அடுப்புக்கு, ஒரு பங்கு தோட்டத்து மண்ணுக்கு. தரம் கிடைத்தால் உயிர்ப்பூட்டிய காபனுக்கும் போகலாம்.

நான்காவதுதான் இரசாயனம். மட்டையில் எவ்வளவு இலிக்னின், ஊமலில் எவ்வளவு, பனந்தும்பில் எவ்வளவு, அந்தக் கழன்று வருகிற அமிலம் எந்தப் பாகத்தில் கூட என்று பாகம் பாகமாக அளந்து ஒரு திறந்த பட்டியல் தேவை. பல்கலைக்கழக இறுதி ஆண்டு மாணவர்களின் ஆய்வாகவே இதைச் செய்து முடிக்கலாம். நாளைக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஒப்பந்தத்தோடு வரும்போது, எங்கட கையில் இருக்கிற பொருளின் பெறுமதி எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தும்புத்தூள் விசயத்தில் சந்தை முதலில் வந்தது, அறிவு பின்னால் வந்தது. பனைக்கு அது தலைகீழாக நடக்கட்டும்.

ஐந்தாவது, உடைமை. இது மற்ற நான்கையும்விட முக்கியம். கழிவுக்கு விலை வந்த அன்றே அது 'சும்மா கிடக்கிற' பொருளாக இருக்காது. இன்று காணிக்குள் போய்ப் பொச்சும் மட்டையும் பொறுக்கி அடுப்பெரிக்கிற பெண்ணை, நாளைக்குக் காணிக்காரர் வேலிக்கு வெளியே நிறுத்துவார். 2022 இல் எரிவாயு இல்லாத மாதங்களில் எத்தனை வீட்டு உலை அந்த மட்டையில் கொதித்தது எண்டு எல்லோரும் கண்டோம். ஆகவே பொறுக்குகிறவருக்கும் சீவல் தொழிலாளருக்கும் தும்பு ஆலைப் பெண்களுக்கும் பங்கு உள்ள அமைப்பாகத்தான் இது தொடங்க வேண்டும். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வடக்கில் ஏற்கனவே இருக்கின்றன. அவற்றைக் கள்ளு விற்கிற சங்கம் எண்டு ஏளனமாகப் பார்ப்பதை விட்டு, உலையும் அழுத்த இயந்திரமும் அவர்களின் பெயரில் வாங்கப்பட வேண்டும்.

இவற்றில் எதுவும் ஒரு மாதத்தில் நடக்காது. பனை வைரம் ஏறவே பல பத்தாண்டு எடுக்கிறது. ஆனால் முதல் படிக்குப் பல்கலைக்கழகமும் தேவையில்லை, வெளிநாட்டு உதவியும் தேவையில்லை. இந்த மாரிக்கு முதல் உங்கட வட்டாரத்தில் பத்து வீட்டார் சேர்ந்து, மட்டையையும் பொச்சையும் கொளுத்தாமல் ஒரு மூலையில் குவித்து, மூன்று மூட்டை காளான் வித்தோடு ஒரு கூட்டெருக் குவியல் போட்டுப் பாருங்கள். சபை உறுப்பினரைக் கூப்பிட்டு அதைக் காட்டுங்கள். அரைக்கிற இயந்திரம் எப்ப வரும் எண்டு அவரிடம் கேளுங்கள். பதில் வருமட்டும் திருப்பித் திருப்பிக் கேளுங்கள்.